மூன்று நாணயம், எட்டு ரூபாய்

ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஓர் இரண்டு ரூபாய் நாணயம், ஓர் ஒரு ரூபாய் நாணயம். இம்மூன்றையும் முதல் வகுப்புக் குழந்தை ஒன்றின் முன் வைத்து, "இதில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணும். பிறகு "மூணு!" என்று பெருமிதத்தோடு உங்களை நிமிர்ந்து பார்க்கும். நம்மில் பலர் உடனே "தப்பு" என்று சொல்லிவிடுவோம். சிலர் தலையில் ஒரு குட்டும் வைப்பார்கள்.

குழந்தை செய்தது தப்புதானா? சற்றே சிந்தித்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாக நாம் அதற்குக் கற்றுக் கொடுத்து வந்தது என்ன? ஒரு பொருளைத் தொட்டால் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். எதையும் விட்டுவிடக் கூடாது. எதையும் இரு முறை எண்ணக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் விடை. மாங்காயானாலும் கூழாங்கல்லானாலும், பெரிதானாலும் சிறிதானாலும், எண்ணும்போது ஒன்று ஒன்றுதான். ரோசெல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் என்னும் இரு அமெரிக்க உளவியலறிஞர்கள் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எண்ணுதல் என்னும் செயலை இவ்வாறு ஐந்து விதிகளாகப் பகுத்துக் காட்டினார்கள். பள்ளிக்கு வருமுன்பே குழந்தைகள் இவ்விதிகளை ஓரளவு கைக்கொண்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட உண்மை. நம் குழந்தை அவற்றுள் ஒன்றைக்கூட மீறவில்லை. மூன்று நாணயங்கள் இருந்தன, மூன்று என்றது. விதியை மாற்றியவர்கள் நாம்தாம். மாற்றியதைக் குழந்தையிடம் சொல்ல மறந்தவர்களும் நாம்தாம்.

பலவகை நாணயங்களை எண்ணுவது, சாதாரண எண்ணுதலின் அடுத்த பாடம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வேறொரு பாடம். ஒரே பொருளை ஒன்றாகவும் பார்க்க வேண்டும், ஐந்தாகவும் பார்க்க வேண்டும் என்று குழந்தையை முதன்முதலாகக் கேட்கிறோம். பெரியவர்களாகிய நமக்கு இது பழகிப் போய்விட்டதால் இதிலுள்ள விந்தை கண்ணில் படுவதில்லை.

மலைமேல் ஒரு பாட்டியும் பேரனும்

இது வீட்டுப் பாடத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். (பெயரைக் கண்டு கேரளத்தை நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே.) சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடுகிறார்கள். புளி, கடுக்காய், தேன் முதலியவற்றைச் சேகரித்து விற்கிறார்கள். மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்த இம்மலை 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. அதற்கு முன், ஜாகிர்தாரின் நிலத்தில் கூலி பெறாமல் உழைக்க வேண்டிய நிலை அம்மக்களுக்கு இருந்தது. இன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் தாத்தா பாட்டி காலத்துச் செய்தி இது. உழைப்புக்கும் விளைபொருளுக்கும் உரிய காசைக் கையில் எண்ணி வாங்குவது அங்கே எவ்வளவு பெரிய காரியம் என்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

புளியை விற்றுவிட்டுக் கச்சிராயபாளையத்தில் உப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு மலைக்குப் பேருந்து ஏறும் ஒரு பாட்டியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் மடியிலுள்ள சில்லறை எவ்வளவு என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். அவருடைய பேரன், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். இரண்டு இலக்கக் கூட்டலைப் பலகையில் போட்டுக் காட்டுவான். எனினும் பாட்டியின் சில்லறையைக் கையில் கொடுத்தால் விழிப்பான். காரணம் அறிவுக் குறைவன்று. உறைவிடப் பள்ளியில் உணவும் உறைவிடமும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன. "ஓடிப்போய்க் கடையில் கால் கிலோ சர்க்கரை வாங்கி வா" என்று யாரும் அவனை அனுப்புவதில்லை. காசைத் தொடாமலேயே பணக் கணக்குப் படிக்கும் பிள்ளை அவன். மலையை விட்டுக் கீழே வந்தால் மட்டும் நிலைமை மேலா? கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இன்று அப்பா கைப்பேசியைக் காட்டுகிறார், 'பணம் வந்துவிட்டது' என்று ஒரு பெட்டி பேசுகிறது. அருகில் நிற்கும் குழந்தை அங்கே எண்ணுவதற்கு ஒன்றையும் காணவில்லை.

படியும் ஆழாக்கும்

ஒன்று எப்படி ஐந்தாகும் என்பதை விளக்க எங்கிருந்து தொடங்கலாம்? நாணயத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. தானியம் விளையும் வீட்டில் அதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது: படி.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. சாமையை ஆழாக்கால் எட்டு முறை அளந்து படியில் கொட்டச் சொல்லுங்கள். எட்டாவது ஆழாக்கில் படி தலை தட்டி நிற்கும். "இப்போது எத்தனை?" என்று கேட்டால், "ஒரு படி" என்றும் சொல்லலாம், "எட்டு ஆழாக்கு" என்றும் சொல்லலாம். இரண்டும் சரி என்பதைக் குழந்தை கண்ணாலேயே காண்கிறது. படியைக் கவிழ்த்தால் எட்டு ஆழாக்கும் திரும்ப வந்துவிடும். வீட்டில் படி இல்லையேல் ஒரு சொம்பும் ஒரு தம்ளரும் போதும்; எத்தனை தம்ளர் ஒரு சொம்பு என்று முதலில் அளந்து கொள்ளுங்கள்.

நாணயத்திற்கு இந்த நேர்மை கிடையாது. ஐந்து ரூபாய் நாணயத்தை உடைத்தாலும் உருக்கினாலும் உள்ளிருந்து ஐந்து ஒரு ரூபாய் வராது. அது ஐந்து என்பது ஊரார் ஒப்புக்கொண்ட ஓர் உடன்பாடு. உடன்பாட்டைக் கண்ணால் காண முடியாது. பழகித்தான் அறிய வேண்டும். படியில் கண்டதை நாணயத்தில் நம்ப வைப்பதுதான் இப்பாடத்தின் சாரம்.

பெரிய காசு, சின்ன மதிப்பு

ஒரு காலத்தில் நாணயமும் ஓரளவு படியைப் போலத்தான் இருந்தது. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஏறத்தாழ 11.66 கிராம் எடை. அரை ரூபாய் அதில் பாதி. கால் ரூபாய் அதிலும் பாதி. உலோகத்தின் விலையே காசின் விலையாக இருந்ததால், பெரியது பெரிய மதிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அமெரிக்காவின் பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட் நாணயத்தைவிடச் சிறியது என்பதை அறிந்தால் வியப்பீர்கள். பத்து சென்ட் வெள்ளியில் அடிக்கப்பட்டு வந்தது. ஐந்து சென்ட் மலிவான நிக்கல் கலவையில் வந்தது. வெள்ளி போய்விட்டது, அளவு மட்டும் நின்றுவிட்டது. அந்நாட்டுக் குழந்தைகள் இன்றும் அதனால் திண்டாடுகிறார்கள்.

நம் பையிலுள்ள காசு மட்டும் ஒழுங்காக இருக்கிறதா? ஓர் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். 2011-ஆம் ஆண்டு வெளிவந்த வரிசையில் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர் விட்டம் உடையது. ஐந்து ரூபாயோ 23 மில்லிமீட்டர்தான்! 1992 முதல் வந்த பழைய எஃகு ஒரு ரூபாயும் 25 மில்லிமீட்டர். 2019-இல் வந்த வரிசையில் இக்குறையை நீக்கினார்கள்: ஒரு ரூபாய் 20, இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர். இருபது ரூபாயும் 27 மில்லிமீட்டரே. ஆனால் அது வட்டமாக இல்லாமல் பன்னிரண்டு பக்கங்களோடு இருக்கும். பார்வையற்றோரும் தடவி அறிய வேண்டும் என்ற நோக்கத்தோடு, மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏறுமாறு அமைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய காசுகளும் செல்லும். எல்லாம் கலந்தே புழங்குகின்றன. ஆகவே ஒரே பையில், பழைய ஒரு ரூபாய் புதிய இரண்டு ரூபாயைவிடப் பெரிதாக இருக்கிறது. 2019-இன் இரண்டு ரூபாயும் 2011-இன் ஐந்து ரூபாயும் ஒரே அகலம்!

எனவே, "பெரிய காசுதான் அதிக மதிப்பு" என்று குழந்தையிடம் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. மஞ்சள் ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை; ஆனால் 2007-ஐ ஒட்டிச் சில ஆண்டுகள் எஃகிலும் ஐந்து ரூபாய் அடித்தார்கள். (உங்களிடம் ஒரு காந்தத் துண்டு இருந்தால் வேடிக்கை பார்க்கலாம்: இன்றைய எஃகு ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், பித்தளை ஐந்து ரூபாய் அசையாது. குரோமியம் கலந்த இந்த எஃகு வகையைக் காந்தம் ஈர்க்கும்.) நம்பத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: காசின் மேல் பொறித்த எண். காசைக் கையில் எடுத்ததும் புரட்டி எண்ணைப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே உண்டாக்க வேண்டும். பாடநூலில் அச்சிட்ட நாணயப் படங்கள் இதற்கு உதவா. படத்தைப் புரட்ட முடியாதல்லவா?

காசின் அளவும் மதிப்பும் மனத்தில் எப்படிக் குழம்புகின்றன என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1947-இல் ஜெரோம் புரூனர், செசில் குட்மன் என்னும் இருவர், பத்து வயதுச் சிறுவர்களிடம் வெவ்வேறு நாணயங்களின் அளவை ஓர் ஒளிவட்டத்தைச் சுருக்கியும் விரித்தும் காட்டச் சொன்னார்கள். சிறுவர்கள் நாணயங்களை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டினார்கள். ஏழை வீட்டுச் சிறுவர்கள் இன்னும் பெரிதாகக் காட்டினார்கள்! பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மறக்க முடியாத ஆய்வு.

எட்டணா எங்கே?

இன்னொரு சங்கடம் சொல்லில் இருக்கிறது. ஐம்பது காசைப் பாட்டி "எட்டணா" என்பார். நாணயத்தில் எட்டு எங்கே என்று பேரன் தேடுவான். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. அன்றிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றாயிற்று. 1964-இல் 'நயா' என்ற அடைமொழியையும் எடுத்துவிட்டார்கள். பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா; கால் பைசாவுக்குக் காசு ஏது? ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். ஓர் அணாப் பொருளை நான்கு முறை வாங்கினால் 24. ஒரே முறை நாலணாவுக்கு வாங்கினால் 25! படித்தவர், படிக்காதவர் எல்லாரும் ஒரே நாளில் முதல் வகுப்புக்குத் திரும்பி, சந்தையில் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த காலம் அது. குழந்தையின் திகைப்பை உணர விரும்பும் ஆசிரியர்கள் அந்த அட்டவணையை ஒரு முறை மனத்தில் கூட்டிப் பார்க்கலாம்.

2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாமற் போயின. ஐம்பது காசு சட்டப்படி இன்றும் செல்லும். கடைக்காரர் வாங்குவதுதான் இல்லை.

கொட்டையை வைத்துக் காசை எண்ணுதல்

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ஆம் ஆண்டு தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது அதன் வழி. நாணயப் பாடத்திற்கும் இப்பிரிவு பொருத்தமானதே. வயதைப் பாராமல் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துத் தொடங்குங்கள்.

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. ஒரு கை நிறையப் புளியங்கொட்டை, பழைய அட்டைகள், கொஞ்சம் பசை, உண்மையான காசு ஒரு முப்பது ரூபாய்க்கு. பிளாஸ்டிக் காசு வேண்டாம். பொய்க் காசில் குழந்தைக்கு அக்கறை இராது. அக்கறை இல்லாத இடத்தில் எண்ணிக்கையும் நில்லாது.

முதலில் ஒரு ரூபாய் நாணயங்களை மட்டும் எண்ணட்டும். இதில் சிக்கல் எதுவுமில்லை, கொட்டையை எண்ணுவதுபோலத்தான். பிறகு அட்டை செய்யுங்கள். ஓர் அட்டையில் இரண்டு கொட்டை, ஓர் அட்டையில் ஐந்து கொட்டை, ஓர் அட்டையில் ஐந்து ஐந்தாக இரு வரிசையில் பத்துக் கொட்டை. ஒவ்வோர் அட்டையின் தலைப்பிலும் அந்தந்த நாணயத்தை வைக்க ஒரு வட்டம் வரையுங்கள். இரண்டு ரூபாயை வட்டத்தில் வைத்துக் கீழேயுள்ள கொட்டைகளைத் தொட்டு எண்ணட்டும். சில நாள்கள் சென்றபின் அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். காசு மேலே, கொட்டை கீழே மறைவில். "அடியில் எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். திருப்பிப் பார்த்துச் சரிபார்க்கக் குழந்தைக்கு உரிமை உண்டு. திருப்பிப் பார்ப்பதை அதுவாகவே நிறுத்தும் நாள் ஒன்று வரும்; அதற்கு முன் அட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அடுத்தது மாற்று விளையாட்டு. குழந்தையிடம் ஐந்து ஒரு ரூபாய் இருக்கட்டும். உங்களிடம் ஓர் ஐந்து ரூபாய். மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பல குழந்தைகள் மறுத்துவிடும். "அஞ்சு குடுத்துட்டு ஒண்ணு வாங்கறதா?" என்று கையை மூடிக்கொள்ளும். இது பிடிவாதமன்று, பாடத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே எண்ணைப் பற்றிய தம் ஆய்வில், ஒரு காசுக்கு ஒரு பூ என்று குழந்தைகளைப் பண்டமாற்றுச் செய்யச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுக்கு ஒன்று மாற்றுவதைச் சரியாகச் செய்த சிறு குழந்தைகள்கூட, பூக்களைக் குவித்து வைத்தவுடன் காசும் பூவும் சமம் என்பதை ஏற்க மறுத்தனவாம். கண்ணுக்குத் தெரியும் பரப்பு, கணக்கை வென்றுவிடுகிறது.

இம்மறுப்பை வாதாடி வெல்ல முடியாது, கடையால் வெல்லலாம். வகுப்பிலேயே ஒரு கடை வையுங்கள். ஐந்து ரூபாய்க்கு ஒரு கடலை மிட்டாய் என்று விலை வையுங்கள். ஒரு பிள்ளை ஐந்து காசுகளைக் கொடுத்து வாங்கட்டும். இன்னொரு பிள்ளை ஒரே காசைக் கொடுத்து வாங்கட்டும். இருவர் கையிலும் ஒரே மிட்டாய். மூன்று நான்கு முறை இப்படி நடந்தால், மூடிய கை தானே திறக்கும். இதுவரை வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அவசரப்பட்டு இப்படியைத் தாண்டியவர்கள்தாம் மூன்றாம் வகுப்பிலும் விழிக்கிறார்கள்.

இனிதான் கலவை. மூன்று ஐந்து ரூபாய், இரண்டு இரண்டு ரூபாய், ஓர் ஒரு ரூபாய்: ஆறு காசுகளைக் கலந்து கொட்டுங்கள். எண்ணுவதற்கு முன் இனம் பிரிக்கச் சொல்லுங்கள். மதிப்பில் பெரியது இடப்புறம். இனத்துக்கும் இனத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பின்பு எண்ணட்டும்: ஐந்து, பத்து, பதினைந்து; பதினேழு, பத்தொன்பது; இருபது.

தவறு எங்கே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு குழந்தை "ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது" என்று முடிக்கும். இன்னொன்று "ஐந்து, பத்து, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு" என்று முடிக்கும். இரண்டும் தவறு, ஆனால் வெவ்வேறு தவறுகள். முதற் குழந்தை, ஐந்தைந்தாகத் தாவிய கால் நிற்க முடியாமல் ஓடுகிறது. இரண்டாவது குழந்தை, தாவலை நிறுத்திவிட்டது. ஆனால் இரண்டு ரூபாயை மறுபடியும் ஒன்றாகப் பார்க்கிறது. முதற் குழந்தைக்கு வேண்டியது இடைவெளியில் சற்று நிற்பது: பதினைந்து என்றதும் கையை எடுத்து, தாளிலோ தரையிலோ 15 என்று எழுதிவிட்டு, "அடுத்து என்ன காசு?" என்று தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது குழந்தையைக் கொட்டை அட்டைக்குத் திருப்பி அனுப்புங்கள். விடை முப்பதா பதினெட்டா என்று கேட்டுத் திருத்தும் ஆசிரியரைவிட, எப்படி எண்ணினாய் என்று காது கொடுக்கும் ஆசிரியருக்கு இங்கே வேலை எளிது.

தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு வசதி உண்டு. இருபதும் ஐந்தும் சேர்ந்தால் இருபத்தைந்து. முப்பதும் இரண்டும் சேர்ந்தால் முப்பத்திரண்டு. எண்ணின் பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. இந்தியில் இருபது பீஸ், இருபத்தைந்து பச்சீஸ். அக்குழந்தை நூறு வரை பெயர்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும். நமக்கு இடறும் இடம் வேறு: பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி எண்ணும்போது எழுபது, எண்பது என்று வந்தபின் தொண்ணூறு. பெயரில் நூறு ஒலிக்கிறதே என்று குழந்தை மயங்கும். இங்கே ஒரு நாள் கூடுதலாகச் செலவிடலாம்.

பத்து ரூபாய் நாணயம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்த நாணயம் செல்லாது என்ற வதந்தியால் நம் மாநிலத்தில் பல இடங்களில் அதை வாங்க மறுத்தார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளிவந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. வகுப்புக் கடையில் அதைத் தவறாமல் புழங்க விடுங்கள். பெரியவர்கள் பரப்பிய வதந்தியைப் பிள்ளைகளாவது சுமக்காதிருக்கட்டும்.

கடைக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

பாட்டிக்குத் தெரிந்த கணக்கு பேரனுக்கும், பேரனுக்குத் தெரிந்தது பாட்டிக்கும் ஏன் தாவவில்லை? இக்கேள்வியை உலகில் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் ரெசிபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர்களை டெரசின்யா நூனெசும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். கடையில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி! ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன விலை? பள்ளியில் படித்தவர் ஒரு சைபரைச் சேர்ப்பார். அச்சிறுவனோ மூன்று மூன்றாகக் கட்டி 105, 210, 315 என்று ஏறி, கடைசித் தேங்காய்க்கு 35 சேர்த்து 350 என்றான். தேங்காயை அவன் மும்மூன்றாக விற்றுப் பழகியவன் போலும்!

நம் நாட்டிலும் அண்மையில் இத்தகைய ஆய்வு நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைக் கண்டு, 2025-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். விற்பனைக் கணக்கை மனத்திலேயே போட்ட அவர்களில் பெரும்பாலோர் பாடநூற் கணக்கில் தடுமாறினார்கள். அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளோ பாடநூற் கணக்கைப் போட்டார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒன்று தெரிந்தால் மற்றது தானே வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது சரியன்று. இரண்டையும் யாராவது இணைத்துக் காட்ட வேண்டும்.

இணைக்க நல்ல இடம் மீதிச் சில்லறை. பதின்மூன்று ரூபாய்க்குப் பொருள் வாங்கி, இருபது ரூபாய் கொடுக்கிறீர்கள். பள்ளியில் இது கழித்தல்: இருபதில் பதின்மூன்று போக ஏழு. கடைக்காரர் கழிப்பதே இல்லை! இரண்டு ரூபாயை உங்கள் கையில் வைத்து "பதினைந்து" என்பார், ஐந்து ரூபாயை வைத்து "இருபது" என்பார், முடிந்தது. விலையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறார். குழந்தை ஏறியும் பார்க்கட்டும், கழித்தும் பார்க்கட்டும். இரு வழியிலும் ஏழு வருகிறதா என்று ஒப்பிடட்டும். கல்வராயன் மலைப் பள்ளியானால், இப்பாடத்தன்று ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்து கடைக்காரராக உட்கார வைக்கலாம். பாட்டி காசை அடுக்கும் வேகத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பாட்டி சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை பலகையில் எழுதட்டும். தாம் மனத்தில் போடும் கணக்கு எழுத்தில் எப்படி இருக்கும் என்பதைப் பாட்டியும் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பார்.

கற்றதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். காசைக் கொட்டி எவ்வளவு என்று கேட்பதைவிடக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "ஐந்து ரூபாயை எத்தனை விதமாக வைக்கலாம்?" ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்களைக் கொண்டு நான்கு விதமாக வைக்கலாம்: ஓர் ஐந்து, இரண்டு இரண்டும் ஓர் ஒன்றும், ஓர் இரண்டும் மூன்று ஒன்றும், ஐந்து ஒன்று. நான்கையும் தானே கண்டுபிடிக்கும் குழந்தைக்கு இப்பாடத்தில் இனி நீங்கள் சொல்லித்தர வேண்டியது எதுவுமில்லை. அடுத்துப் பத்து ரூபாயைக் கொடுங்கள். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்! ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களைக் கொண்டு மொத்தம் பதினொரு விதங்கள் உண்டு. மேலே படிக்காமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்துதான் வருகிறது என்றால், ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் தனியே வைக்க மறந்திருப்பீர்கள்.